பழைய ஒலியில் ஒரு புதிய பாடகர்: லியோன் பிரிட்ஜஸை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘கமிங் ஹோம்’ பாடலைத் தற்செயலாகக் கேட்டிருக்கிறீர்கள். 1960களில் வெளிவந்து மறக்கப்பட்ட ஏதோ ஓர் இசைத்தட்டு என்று எண்ணியிருக்கிறீர்கள். பாடியவர் 1989-இல் பிறந்தவர் என்று தெரிந்ததும் மனம் சற்றுச் சுணங்கிவிட்டது. இவர் யார், இது அசலா நகலா, பிடித்திருந்தால் அடுத்து எதைக் கேட்பது என்பவை உங்கள் கேள்விகள்.

நகலா என்பதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லியோன் பிரிட்ஜஸின் முதல் ஆல்பத்தில் ஒலி கடன் வாங்கியதுதான். அதை அவரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒலிக்குள் அவர் வைத்திருக்கும் தாய், தாத்தா பாட்டி, ஊர், இறைநம்பிக்கை எல்லாம் அவருடைய சொந்தச் சொத்து. அந்தச் சொத்து இருக்கும் பாடல்கள் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். அது இல்லாத பாடல்கள் அழகான உடையோடு நின்றுவிடுகின்றன. இரண்டும் ஒரே தட்டில் இருப்பதால்தான் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

அவருடைய முழுப்பெயர் டாட் மைக்கேல் பிரிட்ஜஸ். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் பிறந்து, டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் வளர்ந்தவர். கல்லூரியில் படித்தது நடனம். மேடையில் அவருடைய கால்கள் குரலுக்கு இணையாகப் பேசுவது அதனால்தான். இளமையில் அவர் கேட்டு வளர்ந்தவை 1990களின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின வெகுஜன இசை) பாடல்கள். அஷர், ஜினுவைன் போன்றவர்களின் குரல்கள். தேவாலயப் பாட்டின் உருக்கம் கலந்த கறுப்பின இசையான சோல் இசையின் பொற்காலம் அவர் வீட்டில் இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்துக்கொண்டே, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம் என்று விடப்படும் சிறு மதுக்கூட இரவுகளில் கிதாரோடு பாடிவந்தவர் அவர்.

அந்தக் காலத்தில் தன் தாயைப் பற்றி ஒரு பாடல் எழுதினார்: ‘லிசா சாயர்’. தலைப்பே தாயின் பெயர்தான். லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் அவர் பிறந்தது, குடும்பம், தோற்றம், பக்தி எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. அதைக் கேட்ட ஒருவர், “சாம் குக்கின் பாதிப்பா?” என்று கேட்டிருக்கிறார். 1960களின் புகழ்பெற்ற சோல் பாடகரான சாம் குக்கை பிரிட்ஜஸ் அதுவரை ஊன்றிக் கேட்டதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தேடிப் போய்க் கேட்கத் தொடங்கினார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய இசையைக் கேட்டுவிட்டு அதேபோல ஒன்று செய்யலாம் என்று அவர் உட்காரவில்லை. தாயின் கதையைச் சொல்ல ஒரு மெட்டு கிடைத்தது. அந்த மெட்டுக்கு ஏற்கெனவே ஒரு பரம்பரை இருப்பது பிறகு தெரியவந்தது.

அடுத்து நடந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம். ‘ஒயிட் டெனிம்’ என்ற ராக் குழுவில் கிதார் வாசித்துவந்த ஆஸ்டின் ஜென்கின்ஸ், ஃபோர்ட் வொர்த் மதுக்கூடம் ஒன்றில் இந்த இளைஞரைப் பார்க்கிறார். முதலில் அவர் கண்ணில் பட்டது பிரிட்ஜஸ் அணிந்திருந்த பழைய பாணி ராங்ளர் ஜீன்ஸ். பேச்சு உடையிலிருந்து தொடங்கியது. பாட்டைக் கேட்டது அதற்குப் பிறகு. ஜென்கின்ஸும் அதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோஷுவா பிளாக்கும் பழைய ஒலிப்பதிவுக் கருவிகளின் மேல் பித்துக் கொண்டவர்கள். ‘நைல்ஸ் சிட்டி சவுண்ட்’ என்ற பெயரில் அவர்கள் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கிய ஒலிப்பதிவு முயற்சியின் முதல் பெரிய பலன் பிரிட்ஜஸின் குரல். 2014 அக்டோபரில் இரண்டு பாடல்கள் இணையத்தில் வெளியாயின. டிசம்பருக்குள் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அவரை ஒப்பந்தம் செய்துவிட்டது. 2015 ஜூன் 23 அன்று ‘கமிங் ஹோம்’ ஆல்பம் வெளிவந்து, அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது.

சரி, அந்த ஒலி ஏன் உங்களை ஏமாற்றியது? இதை விரிவாகவே சொல்கிறேன். பழைய ஒலி என்று நாம் காதால் உணர்வது, பாடகரின் தொண்டையில் மட்டும் இருப்பதில்லை.

இன்று பெரும்பாலான பாடல்கள் தனித்தனியாகப் பதிவாகின்றன. டிரம்ஸ் ஒரு நாள், கிதார் ஒரு நாள், குரல் இன்னொரு நாள். எல்லோர் காதிலும் ஒரே இயந்திரத் தாளம் தட்டிக்கொண்டிருக்கும். 1960களின் தொடக்கத்தில் அப்படிப் பிரித்துப் பதிவுசெய்ய வசதி குறைவு. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனம் ஒரு பழைய திரையரங்கைத்தான் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியது. இருக்கைகளை எடுத்துவிட்டார்களே தவிர, சரிந்த தரை அப்படியே இருந்தது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் ஒரு குடியிருப்பு வீட்டில் இயங்கியது. அதன் மாடிப் பரணுக்கு ஒலியை அனுப்பி எதிரொலி எடுத்தார்கள். இத்தகைய இடங்களில் கலைஞர்கள் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். டிரம்ஸின் சத்தம் பாடகரின் மைக்குக்குள் கசிந்தது. பித்தளைக் கருவிகளின் சத்தம் டிரம்ஸ் மைக்கில் விழுந்தது. அந்தக் கசிவுகளெல்லாம் சேர்ந்துதான், “இவர்கள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்” என்று நம் காதுக்குச் சொல்கின்றன. உச்சக்கட்டத்தை நெருங்கும்போது தாளம் இம்மியளவு வேகமெடுக்கும். சரணத்துக்குத் திரும்பும்போது தணியும். இயந்திரத் தாளத்தோடு கட்டிய பாட்டில் அது நடக்காது.

காந்த நாடாவின் பங்கும் உண்டு. நாடாவில் ஒலியை அதன் தாங்கும் எல்லைக்கு மேல் ஏற்றினால், கணினிப் பதிவைப்போல் அது வெட்டுப்பட்டுக் கரகரக்காது. ஒலியின் உச்சிகள் மெல்ல அமுங்கி, கூடவே சில புதிய இழைகள் சேர்ந்துகொள்ளும். குரல் உயரும்போது காதைக் குத்தாமல் தடிப்பாவது அதனால்தான். ‘கமிங் ஹோம்’ பாடலை நல்ல ஹெட்போனில் மறுபடி கேட்டுப் பாருங்கள். குரலைச் சுற்றி ஓர் அறையின் காற்று இருப்பதை உணர்வீர்கள். டிரம்ஸ் தூரத்தில் இருக்கிறது. பேஸ் கிதார் உருண்டையாக, நுனியில்லாமல் ஒலிக்கிறது. பின்குரல்கள் சொற்களை விட்டுவிட்டு வெறும் உயிரொலிகளால் முதன்மைக் குரலைத் தாங்குகின்றன. ஜென்கின்ஸும் பிளாக்கும் பழைய கருவிகளைத் தேடிப்பிடித்து, குழுவை ஒன்றாக வாசிக்கவைத்து உண்டாக்கியது இந்த ஒலி. எனவே நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. 1963-இல் எப்படிச் செய்தார்களோ, ஏறக்குறைய அப்படியே செய்திருக்கிறார்கள்.

உழைப்பு உண்மையானது என்பதால் மட்டும் பாட்டு உண்மையாகிவிடாது. அதே ஆல்பத்தில் ‘ஸ்மூத் செய்லின்’ என்று ஒரு பாடல் உண்டு. கால் தானாகத் தாளம் போடும், கேட்க இனிமையானது. முடிந்ததும் மனதில் எதுவும் தங்காது. அந்தக் காலத்துக் காதல் பாடல்களின் பொதுவான வாய்பாடுகளை எடுத்து அடுக்கியதுபோல் இருக்கும். ஆல்பம் வந்தபோது விமர்சகர்கள் சிலர் வைத்த குற்றச்சாட்டும் இந்த இடத்தைக் குறித்ததுதான். அமெரிக்கத் தெருக்களில் போலீஸ் வன்முறைக்கு எதிராகக் கறுப்பின மக்கள் திரண்டு நின்ற ஆண்டில், ஒரு கறுப்பினப் பாடகர் 1960களின் இனிப்பை மட்டும் எடுத்துப் பரிமாறலாமா என்று கேட்டார்கள். அதை வெறும் வம்பு என்று என்னால் தள்ள முடியவில்லை. 1960களின் சோல் இசை, கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தோடு பிணைந்து வளர்ந்தது. போராட்டத்தைக் கழித்துவிட்டு மெட்டை மட்டும் எடுத்துவந்தால் அது அரைகுறைக் கடன்.

அந்தக் குற்றச்சாட்டுக்கு மறுமொழி ஆல்பத்தின் கடைசிப் பாடலில் இருக்கிறது. பெயர் ‘ரிவர்’. நீங்கள் ஒரே ஒரு பாடலைத்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். முன்னே கேட்ட பித்தளை முழக்கம் இதில் இல்லை. கிதாரும் குரலும் மட்டுமே பாட்டைச் சுமக்கின்றன; பெண்குரல் பிறகு வந்து அணைத்துக்கொள்கிறது. தன்னை ஆற்றுக்கு அழைத்துச் செல்லுமாறும், பாவங்களைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்றும் ஒருவர் மன்றாடுகிறார். அமெரிக்கத் தெற்கின் கறுப்பினத் தேவாலயங்களில் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெறுவது நெடுநாள் வழக்கம். அடிமைகளாக இருந்தவர்கள் பாடிய பக்திப் பாடல்களிலும் ஆறு திரும்பத் திரும்ப வரும்; அங்கே அது விடுதலைக்கும் பாதை. பிரிட்ஜஸ் அந்தப் படிமத்தை எங்கோ படித்து எடுக்கவில்லை. வறுமையில் உழைத்துக்கொண்டிருந்த நாள்களில் தன்னைத் தாங்கிய நம்பிக்கையிலிருந்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். குரலிலும் அது தெரிகிறது. மற்றப் பாடல்களில் ஒவ்வொரு வரியின் முடிவையும் அழகாக வளைத்து இறக்கும் அவர், இங்கே பல இடங்களில் வளைக்காமல் விட்டுவிடுகிறார்.

இந்தப் பாடலின் காணொளியும் பார்க்கத் தக்கது. களம் பால்டிமோர் நகரம். 2015 ஏப்ரலில் போலீஸ் காவலில் காயமுற்ற ஃபிரெடி கிரே என்ற இளைஞர் இறந்ததும் கொந்தளித்த ஊர் அது. விடுதி அறைகள், ஒரு தகப்பன், ஒரு குழந்தை, தெருவில் நெருப்பு. பழைய உடை, பழைய கார் என்ற அலங்காரம் எதுவும் இல்லை. பாட்டின் ஆறு 2015-இன் தெருவுக்கு வந்துசேர்கிறது.

பழைய ஒலியில் பாடும் இன்றைய பாடகர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதும் சரியில்லை. ‘ரெட்ரோ’ (பழைய பாணியை மீட்பவர்) என்ற அடையாளம் ஒட்டப்பட்ட இருவருக்கு அது அநீதி என்றே நினைக்கிறேன்: ஷாரன் ஜோன்ஸ், சார்லஸ் பிராட்லி. இருவரும் நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள டாப்டோன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கேப்ரியல் ராத்தும் நீல் சுகர்மனும் நடத்திய அந்த நிறுவனம், புஷ்விக் பகுதியில் ஒரு பழைய வீட்டில் எட்டுத்தட நாடா இயந்திரத்தோடு இயங்கியது. அந்த வீட்டைக் கூடமாக மாற்றும் வேலையில் ஜோன்ஸே மின்வயர் இழுக்கக் கைகொடுத்தார். 1956-இல் பிறந்த ஜோன்ஸ், ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், பணம் கொண்டுசெல்லும் கவச வண்டியில் பாதுகாவலராகவும் வேலை பார்த்தவர். நிறம், பருமன், உயரம், வயது எல்லாவற்றையும் குறைசொல்லி இசைத்துறையினர் தன்னைத் திருப்பியனுப்பியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் ஆல்பம் வெளிவந்தது 2002-இல். ‘100 டேஸ், 100 நைட்ஸ்’ என்ற 2007 ஆல்பத்தைக் கேளுங்கள். பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ ஆல்பம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பல பாடல்களுக்கு வாசித்தவர்கள் ஜோன்ஸின் குழுவான டாப்-கிங்ஸ்தான்.

பிராட்லியின் கதையைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும். 1948-இல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் பிறந்தவர். 1962-இல் அக்கா அவரை நியூயார்க்கின் அப்போலோ அரங்குக்கு அழைத்துப்போய் சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் நிகழ்ச்சியைக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சிறுவனுக்கு வேறு கனவே இல்லை. வீட்டைவிட்டு ஓடினார், சுரங்க ரயில்களில் உறங்கினார், சமையற்காரராகப் பல ஊர்களில் வேலை பார்த்தார். பிறகு புரூக்ளின் மதுக்கூடங்களில் ‘பிளாக் வெல்வெட்’ என்ற பெயரில் ஜேம்ஸ் பிரவுன் வேடமிட்டுப் பாடினார். அங்கேதான் ராத் அவரைக் கண்டார். பிராட்லியின் முதல் ஆல்பம் ‘நோ டைம் ஃபார் டிரீமிங்’ 2011 ஜனவரியில் வெளிவந்தபோது அவருக்கு வயது 62. அதில் ‘ஹார்ட்டேக்ஸ் அண்ட் பெய்ன்’ பாடல் தன் அண்ணன் கொல்லப்பட்ட காலையைச் சொல்கிறது. ஜோன்ஸ் 2016 நவம்பரிலும் பிராட்லி 2017 செப்டம்பரிலும் புற்றுநோயால் இறந்தார்கள். இவர்களுக்கு அந்த ஒலி ஏக்கமோ அலங்காரமோ இல்லை. தாங்கள் இளைஞர்களாக இருந்தபோதே பாடியிருக்க வேண்டிய பாடல்களை, கதவு திறக்கும்வரை நெஞ்சிலேயே வைத்திருந்து, தாமதமாகப் பாடினார்கள்.

பிரிட்ஜஸுக்கு அந்த உரிமை பிறப்பால் வரவில்லை. அவர் அதை எப்படிக் கையாண்டார் என்பதற்கு அவருடைய அடுத்த ஆல்பங்களே சான்று. முதல் வெற்றிக்குப் பிறகு அதே அச்சில் இன்னும் நான்கு தட்டுகள் வார்த்திருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். 2018-இல் வந்த ‘குட் திங்’ ஆல்பத்தில் அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிட்டார். அதன் முதல் பாடலான ‘பெட் எய்ன்ட் வொர்த் த ஹேண்ட்’, வயலின்களும் மெல்லிய மேல்ஸ்தாயிக் குரலுமாக 1970களின் பக்கம் நகர்கிறது. 2019-இல் மரபு ஆர் அண்ட் பி பிரிவில் கிராமி விருதை இன்னொரு பாடலோடு பகிர்ந்துகொண்டது. அந்த ஆல்பத்தின் கடைசியில் ‘ஜார்ஜியா டு டெக்சாஸ்’ இருக்கிறது. மறுபடி தாய், மறுபடி பிறந்த கதை. ‘லிசா சாயர்’ பாடலையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் தாயின் கதை ஒரு பழைய புகைப்படத்துக்குரிய பளபளப்போடு இருக்கும். இரண்டாவதில் தளர்ந்த, ஜாஸ் சாயல் கொண்ட இசையில், இன்றைய மனிதர் ஒருவர் தன் குரலில் பேசுகிறார். எனக்கு இரண்டாவதுதான் மேலானது.

ஹூஸ்டனைச் சேர்ந்த குருவாங்பின் குழுவோடு அவர் 2020-இல் வெளியிட்ட ‘டெக்சாஸ் சன்’ நான்கே பாடல்கள் கொண்ட சிறு தட்டு. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. அதே ஆண்டு ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட சில நாள்களில் ‘ஸ்வீட்டர்’ வெளிவந்தது. இறுதி மூச்சு விடும் ஒரு கறுப்பின மனிதரின் வாயிலிருந்து அந்தப் பாட்டு வருகிறது. குரலை உயர்த்தவே மாட்டார். 2015-இல் எழுந்த குற்றச்சாட்டை நினைவில் வைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும். 2021-இன் ‘கோல்ட்-டிக்கர்ஸ் சவுண்ட்’ முழுக்க இன்றைய ஆர் அண்ட் பி. எனக்குச் சில பாடல்களே ஒட்டின. 2024 அக்டோபரில் வந்த ‘லியோன்’ மறுபடி ஃபோர்ட் வொர்த்துக்குத் திரும்புகிறது. ‘பேந்தர் சிட்டி’ என்ற பாடலின் பெயர் அந்த நகரத்துக்கு வழங்கும் செல்லப்பெயர்.

எங்கிருந்து தொடங்குவது? ‘கமிங் ஹோம்’ ஆல்பத்தை முழுதாக ஒருமுறை கேளுங்கள். பத்துப் பாடல்கள், முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ‘ரிவர்’, ‘லிசா சாயர்’, ‘ட்விஸ்டின் அண்ட் குரூவின்’ மூன்றையும் தனியே எடுங்கள். மூன்றாவது அவருடைய தாத்தாவும் பாட்டியும் சந்தித்த கதை. அப்புறம் ‘ஜார்ஜியா டு டெக்சாஸ்’, ‘டெக்சாஸ் சன்’, ‘ஸ்வீட்டர்’. மனம் ஒப்பினால் பிராட்லிக்கும் ஜோன்ஸுக்கும் போங்கள். லண்டனில் உகாண்டாப் பெற்றோருக்குப் பிறந்த மைக்கேல் கிவானுகாவும், டாப்டோனிலிருந்து 2023-இல் முதல் ஆல்பம் தந்த ஜேலன் ங்கோண்டாவும் இதே பாதையில் நீங்கள் சந்திக்க வேண்டியவர்கள். ங்கோண்டாவின் குரல் கூரையைத் தொடும்.

சாம் குக்கையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் அவருடைய வெற்றிப் பாடல்களின் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். அந்தத் தொகுப்புகளில் இருப்பவர் வழவழப்பான, புன்னகைக்கும் குக். பிரிட்ஜஸோடு எல்லோரும் ஒப்பிட்டது அந்தக் குக்கைத்தான். 1963 ஜனவரி 12 அன்று மயாமியின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், ஹார்லெம் ஸ்கொயர் கிளப் என்ற அரங்கில் குக் பாடினார். அதைப் பதிவுசெய்த நிறுவனம், ஒலி மிகவும் கரடுமுரடாக இருக்கிறது, குக்கின் பொதுப் பிம்பத்துக்கு ஒத்துவராது என்று கருதி வெளியிடாமல் வைத்துவிட்டது. 1964 டிசம்பரில் 33 வயதில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பதிவு வெளிவந்தது 1985-இல். அந்தத் தட்டில் அவர் தொண்டை கம்மக் கத்துகிறார், கூட்டம் திருப்பிக் கத்துகிறது, கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் நடுவில் புகுந்து கிழிக்கிறது. அதே குக் 1964-இல் நியூயார்க்கின் ஆடம்பர விடுதியான கோப்பகபானாவில் வேறோர் ஆளாகப் பாடினார். அந்தத் தட்டு உடனே வெளிவந்தது. இரண்டையும் ஒரே மாலையில் கேளுங்கள், மயாமியை முதலில். பிறகு ‘ஸ்மூத் செய்லின்’ எந்தக் குக்கிடமிருந்து வந்தது, ‘ரிவர்’ எந்தக் குக்கின் பக்கம் நிற்கிறது என்று உங்கள் காதே பிரித்துச் சொல்லிவிடும்.